திரை மூலையில் எறும்பு

மே மாதம். விரிஞ்சிபுரத்துக்கு மேற்கே பாலாறு,
அதாவது மணல்.
பன்னிரண்டுக்கு மேல் அளக்க முடியாது.
தியோடலைட்டில் பார்த்தால் எதிரே நட்ட கம்பு
தண்ணீருக்குள் நிற்பதுபோல் நெளியும்.
ஆற்றில் இல்லாத தண்ணீர்
கண்ணாடிக்குள் மட்டும் ஓடும்.

மூன்று மணிவரை தார்ப்பாய் நிழல்.
அமுலு அளவுகோலை மணலில் கிடத்தி
அதன்மேலேயே தலைவைத்துத் தூங்குகிறாள்.
ஜபருல்லாவுக்குச் சும்மா இருக்கத் தெரியாது.
"மேடம், ஒண்ணுல ஆரம்பிங்க.
காஸ் அழுத்துங்க. வந்ததுக்கு மறுபடி காஸ்.
யாருது எங்க நிக்குதுன்னு பார்ப்போம்."

என்னுடையது
பாதிக்குச் சற்று மேல்வரை விழுந்தது,
எட்டு ஐந்துக்குத் தாவியது,
ஆறு ஐந்து, ஏழு ஒன்பது, ஏழு பூஜ்யம்,
குடியாத்தம் சந்தைத் தராசின் முள்
புளி வைத்த கையை நம்பாமல் ஆடுவதுபோல் ஆடி
முப்பது அழுத்தலுக்குப் பின்
புள்ளி ஏழு மூன்று ஒன்பதில்
அலுத்து நின்றது.

அவனுடையது இரண்டாம் அழுத்தலிலேயே
புள்ளி ஒன்பது ஒன்பது ஒன்பது எட்டு.
அதற்குமேல் அசையவில்லை.
"என்னுதுதான் பெரிசு" என்றான்.

சைன் போட்டுப் பார்த்தோம்.
அவனுக்கு நாலு தட்டில் வெறும் பூஜ்யங்கள்.
எனக்கு இறங்குகிறது, இறங்குகிறது,
கடன்காரன் கதவைத் தட்டும்போது
உள்ளிருந்து வருகிற பதில் மாதிரி:
வருகிறேன், வந்துகொண்டே இருக்கிறேன்.
முந்நூறு முறை. கட்டைவிரல் மரத்துவிட்டது.
இன்னும் பத்தில் ஒன்றின் பக்கத்தில்தான்.

"உங்க மெஷின் பழசு மேடம்."
"உன்னுது தெருவோரத்துல வாங்கினது."

ஒன்றில் மட்டும் சண்டை வரவில்லை.
எந்த எண்ணைக் கொடுத்தாலும்
சைனுக்குக் காஸ் பெரிது,
காஸுக்குச் சைன் சிறிது.
வெளியே யார் நிற்கிறார்கள் என்பதுதான் கணக்கு.
ஏன் என்று மணலில் விரலால் எழுதினேன்:
சைனும் காஸும் சேர்ந்தாலும் ரூட் இரண்டைத் தாண்டாது,
ஒன்று புள்ளி நாலு ஒன்று.
அரைப் பை அதற்கும் மேலே,
ஒன்று புள்ளி ஐந்து ஏழு.
அந்தச் சின்ன இடைவெளிக்குள்தான்
இவ்வளவு நியாயமும் இருக்கிறது.

ஜபருல்லா குனிந்து பார்த்தான்.
"ஒண்ணரைச் சொச்சமா? செங்கோணம் தொண்ணூறு இல்லையா மேடம்?"

இரண்டு கருவிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம்.
அவன் திரையின் மூலையில்
எறும்பு அளவுக்கு ஒரு டி.
என் திரையில் அதே இடத்தில்
ஆர்.

நேற்றுப் பள்ளிகொண்டா வளைவுக்கு நீளம் போட்டது
ரேடியனில். மாற்ற மறந்திருக்கிறேன்.
காலையில் எட்டரை மணிக்கு,
முப்பது மீட்டர், முப்பத்துமூன்று பாகை,
சைன் அழுத்தி, பெருக்கி,
தாளில் கோடு போட்டு எழுதிய விடை:
முப்பதுக்கு ஒரு நூல் குறைவு.
வரவேண்டியது பதினாறு மீட்டர் முப்பத்துநாலு.

முளையைக் கையில் பிடித்தபடி அமுலு கேட்டாள் அப்போது,
"இன்னாம்மா இது, வேலிக்காத்தான் முள்ளுக்குள்ளயா தூணு வரும்?"
கணக்கு அப்படித்தான் சொல்லுது என்றேன்.
முள் கிழித்த முழங்கையோடு போய் அடித்துவிட்டு வந்தாள்.

மூன்று மணிக்கு அவளை எழுப்பினோம்.
நான் சொல்லி முடிக்கும்வரை
தலைமுடியிலிருந்து மணலை உதறிக்கொண்டிருந்தாள்.
"எனுக்கு மனசு ஒப்பல.
அடையாளத்துக்கு ஒரு கல்லு வச்சிட்டுத்தான் வந்தேன்."

டேப்பைப் பிடித்தோம்.
கல் இருந்தது பதினெட்டு மீட்டரில்.
தப்புதான்.
என் தப்பைவிடப்
பன்னிரண்டு மீட்டர் சிறிய தப்பு.

ஜபருல்லா முள்ளுக்குள் தவழ்ந்து முளையைப் பிடுங்கினான்.
நான் கல்லைத் தூக்கினேன்.
அடியில் மணல், மேலே கொதித்ததற்கு,
கொஞ்சம் ஈரமாக இருந்தது.