கால் மணிக் கட்டங்கள்

ஒரு நாளைத் தொண்ணூற்றாறு துண்டாக வெட்டி
அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள்.
கேட்டால் 'ரே' என்று போடவும். பார்த்தால் 'டி'.
இரண்டும் இல்லையென்றால் கட்டம் காலி.
நிரம்பிய டைரி ஒன்றுக்கு எனக்கு நாற்பது ரூபாய்,
வெயிலுக்குத் தனியாக எதுவுமில்லை.

அயனாவரத்தில் பதினெட்டு வீடு, ஓட்டேரியில் பதினொன்று.
திங்கட்கிழமைதோறும் கதவைத் தட்டி
போன வாரத்தை வாங்கிக்கொண்டு வருகிறேன்.

காலை ஐந்தே முக்காலிலிருந்து வரிசையாக 'ரே'.
வானொலிக்கு முகம் கொடுக்க வேண்டியதில்லை.
பல் விளக்கலாம், ஒற்றைச் செருப்பைத் தேடலாம்,
பிள்ளையின் தலையில் சிக்கெடுத்து
நாலு அடியும் வைக்கலாம்.
செய்தி முடிந்து விளம்பரம் தொடங்கினால்
கெல்லீஸ் பஸ் போய்விட்டது என்று அர்த்தம்.

இஸ்திரி வண்டி நாகபூஷணம்
ஏழு முதல் பதினொன்று வரை
ஒரு கட்டம் விடாமல் எழுதியிருந்தார்.
என்ன கேட்டீர்கள் என்றேன்.
'சட்டைக்கு ரெண்டு பாட்டும்மா, புடவைக்கு நாலு.
பட்டுன்னா நடுவுல வர்ற விளம்பரமும் சேரும்.'
எந்தப் பாட்டு என்று அவருக்குத் தெரியவில்லை.
எத்தனை என்று தெரிந்திருந்தது.

பதினொன்றுக்கு மேல் வெறிச்சோடும் பக்கங்கள்.
சோறு வடிக்கிற நேரம், மின்சாரம் போகிற நேரம்.

ஒன்றரை மணிக்கு 'டி' தலைகாட்டும்.
ரஹமத்துன்னிசா வீட்டில் ஒரு பெட்டி,
பக்கத்து வீட்டுப் பெண்கள் மூன்று பேர்,
ஒரு முறம் நிறையப் பட்டாணி.
அவர் டைரியில் மட்டும்
இரண்டு முதல் மூன்று வரை 'ரே' 'ரே' 'ரே' 'ரே'.
தொடர்தானே ஓடியது என்றேன்.
'நான் அடுப்படியிலல்ல இருந்தேன்?
கேட்டேன். எங்க பார்த்தேன்?
அந்த மருமவ அழுவுறா, சத்தத்துலயே தெரியும்,
பொய் அழுகை.'

தவறுகளைத் திருத்தச் சொல்லி
அலுவலகம் அழிரப்பர் தந்திருக்கிறது.
எடுத்தேன்.
மறுபடி பைக்குள் போட்டேன்.

ஞாயிறன்று எத்திராஜுலு வீட்டில்
ஒரே கட்டத்துக்குள் இரண்டு எழுத்தும் இடித்துக்கொண்டு நிற்கின்றன.
படம் டிவியில், சத்தம் டிரான்சிஸ்டரில்.
டிவி நாலு நொடி பின்தங்கி வருகிறதாம்.
வானொலியில் ஸ்டம்ப் எகிறிய பிறகும்
திரையில் பந்து வீசுகிறவன்
இன்னும் ஓடி வந்துகொண்டிருக்கிறான்.
'பாரு, இப்ப அவுட்டு' என்கிறார் வந்தவர்களிடம்.
அந்த நாலு நொடியில்
ஓட்டேரிக்கே ஜோசியர் அவர்.

இரவு ஏழு முதல் பத்து வரை நான் பார்க்கவே வேண்டாம்.
'டி' போட்டுப் போட்டு எல்லோருக்கும் கை வலித்து
ஒரு கோடிழுத்து விட்டுவிடுகிறார்கள்.
அந்நேரம் தெருவில் நடந்தால்
மூலைவீட்டு ஜன்னலில் விழுந்த அறை
பதினாறாம் நம்பர் ஜன்னலில் எதிரொலித்து
முட்டுச்சந்தில் 'தொடரும்' என்று வந்து நிற்கும்.

பிறகு மாடிகள் அணையும்.
காவலாளி, ஷேர் ஆட்டோ, ராத்திரி ஷிப்ட் நர்ஸ் என்று
'ரே' மீண்டும் அங்கங்கே மினுக்கும்.

ஆக்னஸ் டைரிதான் என்னைத் திகைக்க வைத்தது.
தினமும் இரவு ஒன்றரை முதல் இரண்டேகால் வரை 'டி'.
பிறகு காலி.
அந்நேரத்துக்கு என்னதான் பார்ப்பீர்கள்?
'எவனோ வழுக்கைக்கு எண்ணெய் விக்கிறான்.
பம்புல ரெண்டேகாலுக்குத் தண்ணி வரும்.
தூங்கிட்டா போச்சு.'

அலுவலகத்தில் இதை அட்டவணையாக்கினார்கள்:
ஓட்டேரியில் நள்ளிரவுப் பார்வையாளர் பெருகுகின்றனர்.
எண்ணெய்க்காரர்கள் இன்னும் கால் மணி கேட்டார்களாம்.

இந்த வாரம் அவள் டைரியில்
புதன்கிழமை மட்டும்
விடியும்வரை 'டி'.

நான் எதுவும் கேட்கவில்லை.
புதன்கிழமை
எங்கள் தெருவிலும் தண்ணீர் வரவில்லை.