கொசப்பேட்டையிலிருந்து காட்பாடி வரை

காலை நாலரை. க்ரீன் சர்க்கிளில் போலீஸ்கூட இல்லை.
நியாமத் ஆட்டோவில் நாம் மூவர், பெட்டிகள் நான்கு.
பெயின்ட் கம்பெனி வைத்த டார்கெட்டை
எட்டிப் பிடித்ததற்கு உனக்குப் பரிசு, சம்பங்கி,
மூன்று ராத்திரி கப்பல்.
“இன்னாபா, அங்க சோறு ஒழுங்கா போடுவானா?”
ஒன்பது வருஷம் கப்பலில் தட்டு தூக்கியவன் சொல்கிறேன்:
சோற்றை விடு. பெட்டியைக் கவனி.

துறைமுக வாசலிலேயே பெட்டியை வாங்கிக்கொள்வார்கள்.
அறைக்கு அது வந்துசேர இருட்டிவிடும்.
உன் சர்க்கரை மாத்திரை, புனிதாவின் கண்ணாடி,
பாஸ்போர்ட், ஒரு மாற்றுத்துணி,
எல்லாம் தோள்பையில் இருக்கட்டும்.
இஸ்திரிப்பெட்டியை இப்போதே வெளியே எடு.
கடலில் இருப்பவனுக்குத் தண்ணீர் பயமில்லை, நெருப்புதான்.
வேட்டிக்குள் சுருட்டியிருக்கிறாயே, அந்தப் பாட்டிலையும் எடு.
மிஷினுக்கு உன் வேட்டி கண்ணாடி மாதிரி.
பதினோரு மணிக்கு ஏறச் சொன்னால் பதினோரு மணிக்கே போ;
ஒன்பதுக்குப் போனால் வரிசையில் வேகவேண்டும்.
(வேலூர்க்காரனுக்கு வெயில் பெரிசா என்பாய். தெரியும்.)

ஏறின கையோடு எல்லாரும் மேல்மாடிக்கு ஓடுவார்கள்,
கல்யாணப் பந்தியில் முதல் வரிசைக்கு ஓடுகிறாப்போல.
நீ கீழே இறங்கு. மூன்றாம் தளத்தில்
வெள்ளைத் துணி விரித்த ஹால் காலியாகத் திறந்திருக்கும்.
நாங்களாகச் சொல்லமாட்டோம்.
கூட்டம் வராவிட்டால் எங்கள் இடுப்பு பிழைக்கும்.
பருப்பும் ரசமும் வேண்டுமா, முந்தின ராத்திரியே சொல்லிவை.
ஒன்று பிடித்தால் இன்னொன்று கேள், காசு கிடையாது.
ஏழு தட்டை நிரப்பி மூன்றை அப்படியே விட்டு எழுந்திராதே.
எண்ணிக்கொண்டிருப்போம்.
பிரியாணி என்று போர்டு இருக்கும்.
ஆம்பூரை நினைத்துக்கொண்டு வாயில் வைக்காதே.
இலவம்பாடிக் கத்தரிக்காயைக் கடலுக்குத் தெரியாது.

அப்புறம் சிரித்த முகமாக ஒருவன் வருவான்,
சட்டையில் ‘ராஜ்’ என்றிருக்கும்.
எத்திராஜுலு என்று எழுத அந்தத் தகட்டில் இடமில்லை.
மூன்று நாளைக்கும் சேர்த்துக் குடிக்கப் பேக்கேஜ் என்பான்.
கணக்குப் போடு.
தினம் ஆறு கிளாஸாவது இறங்கினால்தான் கட்டுப்படியாகும்;
நீ ரெண்டு பீருக்கே
கோட்டை அகழியில் நீச்சலடிக்கக் கிளம்பியவன்.
அறையில் ஒருவர் வாங்கினால் அடுத்தவரும் வாங்கவேண்டும் என்பான்.
புனிதா குடிப்பது டீ. டீயும் தண்ணீரும் சும்மா.
பில்லைப் படித்துக் கையெழுத்துப் போடு:
டிப்ஸ் ஏற்கெனவே ஏறியிருக்கும்,
அடியில் இன்னொரு கோடு காலியாக நிற்கும்.
அந்தக் கோட்டைப் பற்றி நான் பேசக்கூடாது.
அதில்தான் என் வீட்டு மாடி எழும்பியது.

பாலாற்றுப் பாலம்.
கீழே கருவேலம், லாரித் தடம்.
“கப்பல் ரொம்ப ஆடுமா?” புனிதா கேட்கிறாள்.
ஆடினால் பச்சை ஆப்பிள் கடி, இஞ்சி மெல்லு,
வானமும் கடலும் சேருமிடத்தையே பார்.
நமக்கு அது பழக்கமில்லை,
எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை.

“நீ எங்க சாப்டுவே அங்க?”
பாலம் முடிகிறவரை வாயில் எதுவும் வரவில்லை.
தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, புனிதா,
ஜன்னல் கிடையாது.
இருபது நிமிஷம்.
பாதி நாள் நின்றுகொண்டே.

விருதம்பட்டு. சித்தூர் பஸ் ஸ்டாப்பில் முதல் டீக்கடை.
இன்னொரு முக்கியமான விஷயம் இருந்தது, மறந்துவிட்டேன்.
ஸ்டேஷன் வந்ததும் தூக்குவாளியைப் பார்த்தேன்:
மூன்று நாளைக்குப் புளிசாதம் கட்டியிருக்கிறாள்.
சமைத்தது எதையும் ஏற்ற விடமாட்டார்கள், அம்மா தாயே.
அவள் சிரித்துவிட்டு என் மடியில் வைத்தாள்.

திரும்பும் ஆட்டோவில்
இஸ்திரிப்பெட்டி, பாட்டில், தூக்குவாளி, நான்.
பாலத்தோரம் நிறுத்தச் சொன்னேன்.
நியாமத்துக்குப் பாதி, மூடியில்.
அவன் முடித்துக் கை கழுவி ஹாரனைத் தட்டினான்.
இரு, நியாமத்.
இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.