மூன்று துவக்குகள்

எஞ்சின் மூடியில் வார்த்திருந்தது:
ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்திய மூன்று துவக்குகள்.
பிஎஸ்ஏ. எம் இருபது.

பேர்மிங்காமில் பதினான்கு துவக்குக் கொல்லர்கள்
கூடித் தொடங்கிய கொம்பனி.
சண்டை ஓய்ந்தால் கொல்லனுக்கும் பசிக்கும்;
சைக்கிள் செய்தார்கள், பிறகு இதை.
அடுத்த சண்டை வர
இதையே பட்டாளத்துக்கு விற்றார்கள்.

மல்லாவியில் எஸ்தாக்கி
அதற்கு மண்ணெண்ணெய் பருக்கினான்.
கிளப்ப மட்டும் பெற்றோல்,
ஊசிமருந்துபோல நாலு துளி.
தாங்கி ஒழுகினால் சன்லைட் சவர்க்காரம்.
நோக்காடு கண்ட ஒருத்தியை
இருமி இருமி மாங்குளத்துக்கு ஏற்றிப்போனது.
வழியில் பிறந்தவனுக்கு
நல்லவேளை, அதன் பெயரை வைக்கவில்லை.

ஓமந்தைச் சென்றியில் ஒருநாள்
ஆமிக்காரன் குனிந்து தடவினான்.
"என்ன துவக்கு?"
எஸ்தாக்கிக்குத் தெரிந்த சிங்களத்தில்
பேர்மிங்காம் இல்லை.
"பழசு" என்றான்.
அவன் சிரித்தான்,
தன்னுடையதை மறுதோளுக்கு மாற்றியபடி.

அன்றிரவே கிறீஸ் அப்பி மூடியாயிற்று.

இரணைப்பாலையில் விட்டுவிட்டு நடந்தது
மாசியிலா பங்குனியிலா, ஞாபகமில்லை.

மூன்று மாரி கழித்து
புதுக்குடியிருப்புத் துருக்குவியலில் தேடுகிறான்.
சில்லில்லை. தாங்கியில் சன்னம் போன துளை.
மழை கிறீஸைக் கழுவியிருக்கிறது;
மூன்றும் நிற்கின்றன,
நேற்று வார்த்ததுபோல.

தராசோடு வந்தவன் சொன்னான்:
"அது அலுமினியம், துருப்பிடிக்காது.
விலை கூட."