இருநூறு குழிகள்

மிண்டன் வளாகத்துக்கு எட்டு மணிக்குப் போனபோதே
குழிகள் தயார்.
இருநூறும் ஒரே ஆழம்.
யார் தோண்டியது என்று எவரும் கேட்கவில்லை.

கையுறை, தொப்பி, பொட்டல நாசி லெமாக்.
ஹஃபீசா மண் தள்ள,
மெராந்திக் கன்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்
படத்துக்காக இரண்டு முறை.
ஒன்பதரைக்கு மழை;
பேருந்துக்கு ஓடினோம்.

புதன்கிழமை
ஆய்வுக்கூடம் விட்டு வரும் வழியில் பார்த்தேன்.
சாய்ந்திருக்க வேண்டும் என் கன்று.
மூங்கில் குச்சி ஊன்றி
பதாகைத் துணியைக் கிழித்துக் கட்டியிருந்தது.
முடிச்சில் சிறப்பு விருந்தினரின்
ஒரு காது.

வடிகாலோரம் சங்குல் கழுவிக்கொண்டிருந்தார் மொஃபிசுல்
(பெயர் பிறகுதான் தெரியும்).
"உன்னுடையதா?" என்றார் மலாயில்.
ஆமாம் என்று சொல்ல
வாய் வரவில்லை.

அடுத்த கன்றுக்கு நகர்ந்தவர்
திரும்பாமலே சொன்னார்:
"இதைக் கொஞ்சம் பிடி."