மூன்று பைற்

மல்லாவிப் பால் சேகரிப்பு நிலையத்தில்
புறோகிராம் திறக்கும், நீலமாய் ஒருதரம் சிரிக்கும்,
செத்துவிடும்.
பிழைச்செய்தி இல்லை. ஒரு முனகல்கூட இல்லை.

"ரெண்டுதரம் கழற்றிப் பூட்டியாச்சு" என்றார் முகாமையாளர்,
தண்ணீர் மோட்டரைச் சொல்வதுபோல.
கழற்றினால் மற்றதெல்லாம் போகும்.
செற்றிங் கோப்பு மட்டும் கிடக்கும்,
வாடகைக்கு இருந்தவர் போன பிறகும்
சுவரில் நிற்கும் ஆணிபோல.

அதன் பெயரை மாற்றி ஒளித்தேன்.
புறோகிராம் திறந்தது,
ஆரையும் தெரியாத முகத்தோடு.
நூற்றுப் பதினேழு மாட்டுக்காரரில் ஒருவரும் இல்லை,
விலை இல்லை,
தராசு எந்த வயரில் என்றும் தெரியவில்லை.
அப்ப, கோப்புத்தான்.

அறுபத்திநாலு வரி.
மேற்பாதியை வெட்டினேன். செத்தது.
கீழ்ப்பாதியை வெட்டினேன். செத்தது.
பதினாறு, எட்டு, நாலு.
வெளியே யோகபுரத்துச் சைக்கிள்கள்,
காரியரில் கான்கள், வெயில் ஏறுகிறது.
புவிராஜினி கொப்பியில் பேனையால் எழுதத் தொடங்கிவிட்டாள்:
லீற்றர், கொழுப்பு, பெயர்.

எல்லா வரியையும் அழித்தேன்.
வெறுங் கோப்பு.
அதற்கும் செத்தது.

கையை எடுத்துவிட்டு இருந்தேன்.
"ஒண்டும் இல்லையே" என்றேன், திரைக்குத்தான்.
புவிராஜினி நிமிரவில்லை. தராசில் அடுத்த கான்.
"வெறுங் கானுக்கும் நிறை இருக்கு.
கழிக்காட்டிக் கணக்குப் பிழைக்கும்.
நிறுத்துப் பாத்தனீங்களோ?"

வலக் கிளிக்.
அளவு: மூன்று பைற்.

கண்ணில் படாத மூன்று.
"வருவது யூனிகோட்" என்று
கோப்பின் வாசலில் நின்று கட்டியம் கூறும் மூன்று.
பழைய புறோகிராமுக்குக் கட்டியம் விளங்காது.
முதல் எழுத்தாக்கும் என்று கடிக்கும்,
பல்லுடைந்து விழும்.

ஆர் இதைத் தொட்டது?
பேனை நின்றது.
"பில்லில ஊர்ப்பேர் இங்கிலீசில வந்தது.
பாண்டியன்குளத்துச் சரசக்கா
எந்த இடத்துப் பில் எண்டு கேட்டவ.
நோட்பாட்டில திறந்து தமிழாக்கினன்.
சேமிக்கேக்க என்னவோ கேட்டது,
ஓம் எண்டு அமத்தினன்."

பிரதியை எடுத்துப் பார்த்தேன். இருபத்தொன்பதாவது வரி:
நிலையம் = மல்லாவி
நாலு எழுத்தும் சரி. ஒற்றும் சரி.

"பழையபடி இங்கிலீசில விடுங்கோ,
பவுசர் வந்திட்டுது" என்றார் முகாமையாளர்.
விடவில்லை.
வேறொரு எடிற்றரில் திறந்து
அந்த மூன்றை மட்டும் கழித்துச் சேமித்தேன்.

நீலம். சிரிப்பு. பிறகு
நூற்றுப் பதினேழு பேரும், விலையும், தராசும்.

முதல் பில் கரகரத்து வந்தது.
அச்சுப்பொறி லாவின் அரவைக்
கொஞ்சம் தள்ளி அடித்திருந்தது.
அது இன்னொரு நாள் பஸ் காசு.
புவிராஜினி கிழித்துக் கொடுத்தாள்,
கொப்பியை மூடவில்லை.