ஆறாவது கிலோமீட்டர்

சில்யான் ஏரியைச் சுற்றி வட்டமாக ஊர்கள்.
முப்பத்தேழு கோடி ஆண்டுகளுக்கு முன்
வானத்திலிருந்து விழுந்த கல்லொன்று
ஸ்வீடன்மேல் எழுதிவிட்டுப் போன பூஜ்ஜியம்.
அதன் விளிம்பில் நின்று
துளைத்துக்கொண்டிருந்தோம்.

கருங்கல். அதற்குக் கீழே கருங்கல்.
எண்ணெய் தேடுகிறவன் எவனும்
காரை நிறுத்தாமல் கடந்துபோகும் பாறை.

பேராசிரியர் ஊர் மண்டபத்துக்கு வந்திருந்தார்.
எல்லோர் காலணியிலிருந்தும் பனி உருகி
நாற்காலிகளுக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்தது.
பாசி மக்கி எண்ணெய் ஆனதென்பது
பள்ளிக்கூடத்துக் கதை, என்றார்.
சனியின் நிலவொன்றில் மீத்தேன் மூட்டம் போட்டிருக்கிறது,
அங்கே எந்தக் கடல் செத்தது?
பூமி பிறந்தபோதே அதன் வயிற்றில் அடைபட்ட வாயு இது.
விரிசல் தேடி இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது.
பாறை நொறுங்கிய இடத்தில் காது வையுங்கள்.

"தீராதா?"
கேட்டது ஓஸ்டென். பதினொரு பசு,
கொஞ்சம் பைன் காடு, கடனில்லை.
"தீராது."
அடுத்த வாரம் ஆறு பசுவை விற்றுப்
பங்குப் பத்திரம் வாங்கினார்.

என் வேலை சேறு பார்ப்பது.
துளையிலிருந்து திரும்பும் சேற்றை அலசி
அடியில் தங்கும் கல்பொடியைக் காயவைத்து
நுண்ணோக்கியில் பார்த்துப் பெயர் எழுதவேண்டும்.
குவார்ட்ஸ். ஃபெல்ஸ்பார். குவார்ட்ஸ்.
மூன்றாவது கிலோமீட்டரில் குவார்ட்ஸ்.
நான்காவதில் என் கணவன் மால்மோவுக்குப் போய்விட்டான்.
ஃபெல்ஸ்பார்.
ஐந்தாவதில் துரப்பணம் முறிந்து உள்ளேயே தங்கிவிட,
அதை ஒதுக்கி, பக்கவாட்டில் புது வழி போட்டோம்.

ஆறாவதில், ஒரு பிப்ரவரி இரவு,
கருப்பாய் வந்தது.
பசை. பழைய லாரியின் நாற்றம்.
ஹோல்கெர் விரலால் தொட்டு நாக்கில் வைத்துவிட்டுச்
சிரிப்பதா துப்புவதா தெரியாமல் நின்றான்.
விடிவதற்குள் ஊரே வேலிக்கு வெளியே.
ஓஸ்டென் ஜாம் பாட்டிலைக் கழுவிக் கொண்டுவந்திருந்தார்.
விதிப்படி கொடுக்கக் கூடாது.
பாதிவரை நிரப்பினேன்.

ஆய்வகம் ஏழு வாரம் எடுத்துக்கொண்டது.
மாவாய் அரைந்த காந்தக்கல்; அதில் ஊறிய எண்ணெய்.
எண்ணெய் எங்கிருந்து?
துரப்பணம் வழுக்க நீங்களே ஊற்றிய டீசல், என்றது ஓர் அறிக்கை.
ஆழத்தில் மீத்தேனைத் தின்று வாழும்
கண்ணுக்குத் தெரியாத கூட்டத்தின் அடுப்படி, என்றது மற்றது.
இரண்டிலும் ஒரே மாதிரி எண்கள்,
என் கையெழுத்தில்.

கிணறு வெட்டினால் பூதமாவது கிளம்பும்.
எங்களுக்குக் கிளம்பியது
எங்கள் டீசலாகவும் இருக்கலாம்.
வாயுவும் வந்ததுதான், பொய் சொல்லக்கூடாது:
ஒரு கெட்டில் தண்ணீர் கொதிக்கும் அளவு,
அதுவும் பொறுமை இருந்தால்.

கோபுரத்தைக் கழற்றி ஏற்றிய நாளில்
ஓஸ்டெனின் தொழுவத்துக்குப் போனேன்,
மன்னிப்பு மாதிரி ஏதோ சொல்ல.
அவர் சொல்ல விடவில்லை.
ஜன்னலில் இருந்த பாட்டிலை எடுத்தார்,
கண்ணாடிக்கு வெளியே ஒரு காந்தத்தை வைத்து
மெல்ல மேலே இழுத்தார்.
கருப்பு, ரோமம் சிலிர்த்து, பின்னாலேயே ஏறியது.

"ஏறுகிறது பார்," என்றார்.

பின்னால் ஐந்து பசுக்கள்
அசைபோட்டபடி ஏப்பம் விட்டன:
மீத்தேன்,
யாரும் துளைக்காமலே.