மார்ச் ஆறு வீதியில் டிசம்பர்

இந்த வருடம் யார் யார் எரிவது என்று
நான் முடிவு செய்வதில்லை.
நவம்பர் கடைசியில் ஹோல்கர்
பழைய பேப்பர்க் கட்டுகளைக் கொண்டுவந்து போடுவான்.
முதல் பக்கத்தில் யார் முகம் அதிகமோ
அவருக்கு முதல் அச்சு.
குவாயாகிலில் எங்கள் தெரு முழுக்க இதே கணக்கு.

பசையில் நனைத்து ஒட்டும்போது
கண்ணில் பட்டதைப் படிப்பேன்.
அமைச்சர் பெனால்காசரின் கன்னம்
அவர் பேட்டியாலேயே ஆனது:
"குடிநீர்த் திட்டம் மார்ச்சில் முடியும்."
மூக்குக்கு அவருடைய மறுப்பறிக்கை,
நாலு மடிப்பு, கெட்டியாக.
வங்கியைச் சுருட்டிக்கொண்டு பனாமாவில் இறங்கிய
ஸெவாயோஸுக்கு விளம்பரப் பக்கம் போதும்,
அவர் ஒல்லி.

மழை தொடங்கிவிட்டால் பசை காயாது.
மின்விசிறிக்கு முன்னால் வரிசையாக உட்காரவைப்பேன்.
வருடம் முழுக்க நம்மைக் காக்கவைத்தவர்கள்
காற்றுக்குக் காத்திருப்பார்கள்.

வில்மெருக்கு இருபத்திரண்டு வயது.
தொண்ணூற்று மூன்றாம் நிமிடம்
அவன் கால்களுக்கு நடுவே பந்து உருண்டுபோனது,
அவசரமே இல்லாமல்.
ஏப்ரலிலிருந்து தினமும் டிவியில்
அது உருண்டுகொண்டேயிருக்கிறது.
அமைச்சர் பத்து டாலர், அவன் பதினைந்து.
ஆனாலும் அவன்தான் முதலில் விற்கிறான்.

இருபத்தெட்டாம் தேதி ஒரு வெள்ளை வேன்.
அமைச்சர் பொம்மை முப்பத்தொன்றும் வேண்டுமாம்.
பேரம் இல்லை. ரசீது மட்டும் கேட்டார்கள்.
"அலங்காரப் பொருட்கள் என்று எழுதுங்கள்."
எழுதினேன்.
கதவை மூடும்போது ஒரு கை வெளியே நீண்டிருந்தது.
ஹோல்கர் அதை உள்ளே மடித்துவிட்டான்,
மரியாதையாக.

முப்பதாம் தேதி அவள் வந்தாள்.
எஸ்மெரால்டாஸிலிருந்து எட்டு மணி நேர பஸ்,
கையில் நனைந்த குடை.
விலை கேட்கவில்லை. கோல்கீப்பரின் காதைத் தொட்டு
"இப்படி ஒட்டியிருக்காது, விரிந்திருக்கும்" என்றாள்.
அப்புறம்தான் எனக்குப் புரிந்தது.
எத்தனை செய்தாய்?
நாற்பது.
மிச்சம்?
ஐந்து.
பர்ஸை இரண்டு முறை எண்ணினாள்.
பஸ் காசு போக ஒன்றுக்குத்தான் இருந்தது.
"வயிற்றில் வைத்த வெடியை எடுத்துவிடு."
ஹோல்கர் தையலைப் பிரித்து
ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தான்.
மரத்தூள் அவள் செருப்பில் கொட்டியது. தட்டிவிடவில்லை.

மற்ற நாலையும் விற்கமாட்டேன் என்றேன்,
அவள் கேட்காமலே.
அவனுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்திருப்பாள்.
மடியில் வைக்கிற அளவு இல்லை அவன்.
அவள் போனபிறகு
நாலு தலைக்கும் காதை விரித்துவைத்தேன்.

முப்பத்தொன்றாம் தேதி
வந்தவரெல்லாம் கேட்டது அமைச்சரை.
புது அச்சு போட்டால் காயாது, நேரமும் இல்லை.
கம்பியில் கண்ணாடி, கறுப்பு மீசை,
ஜெர்சிக்கு மேல் ஒரு பழைய கோட்டு.
"விற்கமாட்டேன் என்றது கோல்கீப்பரைத்தானே"
என்றான் ஹோல்கர்.
நான் ஒன்றும் சொல்லவில்லை,
இரண்டாவது மீசையை வரைந்துகொண்டிருந்தேன்.

நள்ளிரவு. சேலையை அறியாத எங்கள் ஊரில்
ஆண்கள் கறுப்புக் கவுனும் சவுரியும் மாட்டி
விதவைகளாக மாரடித்து,
தெருவின் குறுக்கே கயிறு கட்டி,
கார்களை நிறுத்திக் காசு கேட்டார்கள்.
முனையில் எங்கள் அமைச்சரைக் கொளுத்தினார்கள்.
கண்ணாடி முதலில் சுருண்டது.
ஈரம் போகாத மீசை கொப்பளித்து உரிந்தது.
உள்ளேயிருந்து அந்தப் பையன்
பந்து எந்தப் பக்கம் வரும் என்பதுபோலப் பார்த்தான்.

"டேய், இது வில்மெர்!" என்றது ஒரு குரல்.
ஒரு விலையில் இரண்டு பேர்.
கூட்டம் இன்னும் உரக்கக் கத்தியது.
யாரோ என் தோளைக் குலுக்கி, பிரமாதம் நார்சிசா,
எப்படி யோசித்தாய் என்றார்கள்.

வெடி வெடித்தது. கோட்டு போனது, ஜெர்சி போனது.
காது இரண்டும்
கடைசியாகத்தான் எரிந்தன.